மூன்றாவது வரிசையில் இருந்த முகம்

அண்ணனைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கள் என்று நீங்கள்தான் கேட்டீர்கள். பதினாறாம் நாள் படத்திறப்புக்கு வந்து, மைக்கைப் பிடித்து, அழுதுவிட்டு இறங்குவேன் என்று நினைத்திருப்பீர்கள். அழுகை வந்தால்தானே? எனக்கு வருவதெல்லாம் ஆத்திரம். அதனால் மேடைக்கு வரவில்லை, எழுதிக் கொடுக்கிறேன். ஆடுகிற பிள்ளைகளும் சவுண்டு போடுகிற பையன்களும் ஒன்றாக உட்கார்ந்து படியுங்கள். வெளியாள் யாரும் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தையல்கார அக்காவாகத்தான் தெரியும். உங்கள் பாவாடைக்கு ஜிகினா வைத்துத் தைத்துக் கொடுப்பவள். அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் அண்ணன் நடத்திய இதே குழுவில் ஆடியவள் நான். அப்போது இதற்கு ரெக்கார்டு டான்ஸ் என்று பேர். இப்போது நோட்டீஸில் ஆடல் பாடல் நிகழ்ச்சி என்று அடிக்கிறார்கள். பேர்தான் மாறியது, விசில் மாறவில்லை.

முதலில் வராதவர்களைப் பற்றிச் சொல்கிறேன். போடியைச் சுற்றி எத்தனை ஊர்க் கமிட்டி அண்ணன் வாசலில் வந்து நின்றிருக்கும்! "அண்ணே, போன வருஷம் வந்த செட்டையே அனுப்புங்கண்ணே, எங்க ஊருக்கு மட்டும் இல்லேன்னு சொல்லிராதீங்க" என்று கெஞ்சியவர்கள் எத்தனை பேர். அவர் செத்த அன்றைக்கு அந்தக் கமிட்டி ஆட்களில் ஒருத்தர் தெரு முனையில் பைக்கை நிறுத்திக்கொண்டு, மாலையை வேறு ஆளிடம் கொடுத்து அனுப்பினார். வாசல் வரைக்கும் வந்தால் மரியாதை கெட்டுவிடுமாம். திருவிழாவில் முன் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபோது மரியாதை எங்கே போயிருந்தது என்று கேட்க என் நாக்கு துடித்தது. இழவு வீடாயிற்றே என்று விட்டேன்.

அதற்காக அண்ணனைச் சாமியாக்கிவிடாதீர்கள். 'கலைத்தாயின் தவப்புதல்வன்' என்று போஸ்டரில் போட்டிருக்கிறீர்கள். தவமாவது, புதல்வனாவது! எங்களை அரைகுறைத் துணியில் மேடையேற்றிப் பிழைத்தவர் அவர். கைக்குழந்தைக்காரிகளும் வயசானவர்களும் வீட்டுக்குப் போன பிறகு கடைசி அரை மணி நேரம் என்று ஒன்று இருந்தது. கமிட்டி அதற்காகத்தான் எங்களைக் கூப்பிடும். அந்த அரை மணி நேரத்தில் என்ன நடக்கும் என்பது ஆடிய எனக்கும் பார்த்த ஊருக்கும் தெரியும், இங்கே எழுத வேண்டியதில்லை. ஒரு தடவை காய்ச்சலில் அனலாகக் கொதித்துக்கொண்டிருந்த பெண்ணை, கமிட்டி வேனை மறித்துக்கொண்டது என்பதற்காக, அந்தக் கடைசி ஆட்டத்துக்கு ஏற்றிவிட்டார். அவள் மேடையிலேயே சுருண்டு விழுந்தாள். மறுநாள் அவள் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அவள் மன்னித்துவிட்டாள். நான் இன்னும் மன்னிக்கவில்லை, இனி மன்னித்து என்ன ஆகப் போகிறது.

ஆனால் அவர் ஒன்றில் மட்டும் சுத்தமாக இருந்தார். நான் சேர்ந்த அன்றைக்கு, "ஒம் பேரு என்னம்மா?" என்று கேட்டார். வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வேணாம், சொல்லாத. அது ஒன் வீட்டுலயே இருக்கட்டும். இங்க நான் வேற பேரு வைக்கிறேன். இந்த வேன்ல வர்ற யாருக்கும் ஒன் ஊரு தெரிய வேண்டியதில்ல, எனக்கும் சேத்துத்தான்."

அவர் குழுவில் போட்டோ கிடையாது. ஆடுகிறவளின் ஊர்ப் பக்கம் புக்கிங் வந்தால் அன்றைக்கு அவளுக்கு லீவு. எங்களுக்குள்கூட ஒருத்தியின் நிஜப் பேர் இன்னொருத்திக்குத் தெரியாது. எதற்கு இவ்வளவு கெடுபிடி என்று எனக்கு எரிச்சலாகவே இருந்தது. மலை மேலே ஒரு தோட்டத்துக் குடியிருப்பில் நடந்த திருவிழாவில்தான் புரிந்தது.

பாதிப் பாட்டில் முன்னால் நின்ற ஒருத்தன் என்னைக் கையை நீட்டிக் காட்டி, "டேய், இவ எங்க தெருக்காரிடா!" என்று கத்தினான். உண்மைதான். அவன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் நாலே வீடு. பிழைப்புக்காக அந்தத் தோட்டத்துக்கு வந்திருந்தான் போல. ஊரில் என் அம்மா நான் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தாள். அவன் மேடையில் ஏறி, என் பேரைச் சொல்ல மைக்குக்குக் கையை நீட்டினான்.

அண்ணன் பாட்டை நிறுத்தச் சொன்னார். அடி விழப் போகிறது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவர் என்ன செய்தார் தெரியுமா? அவன் தோளில் கையைப் போட்டார். கமிட்டி தனக்குப் போட்ட துண்டை எடுத்து அவனுக்குப் போர்த்தினார். மைக்கைத் தன் வாய்ப் பக்கம் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"நம்ம அன்புத் தம்பி ஆசையா மேடைக்கு வந்திருக்காரு! தம்பி, ஒங்க பேரு என்ன? அப்பா பேரு? கல்யாணம் ஆயிருச்சா? அடடே, ஆயிருச்சா! சம்சாரம் பேரச் சொல்லுங்க. மாமனாரு எந்த ஊரு? வெக்கப்படாதீங்க தம்பி, மாமனாருக்குக் கேக்குற மாதிரி நான் சொல்லிர்றேன்."

ஸ்பீக்கரில் அவன் பேரும் அவன் அப்பன் பேரும் மலை முழுக்கக் கேட்டது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாமனார் ஊரைக் கேட்டதும் மேடையிலிருந்து குதித்தவன்தான், துண்டோடு ஓடியே போய்விட்டான். அதற்கப்புறம் அவன் அந்த விஷயத்தை எங்கேயும் மூச்சு விடவில்லை. என் அம்மா சாகும்வரை பனியன் கம்பெனியைத்தான் நம்பினாள்.

திரும்பி வரும்போது வேனில் கேட்டேன். "ஒங்களுக்குக் கோவமே வரலையாண்ணே?"

"வராம என்ன? அதான் மொதல்ல பாட்ட நிறுத்தச் சொன்னேன். பாட்டு ஓடும்போது கோவப்பட்டா, நம்ம வாயில என்ன வருதுன்னு நமக்கே கேக்காதும்மா."

இனிப் பேனர் விஷயத்துக்கு வருகிறேன். அது உங்களுக்கு முடிந்துபோன விஷயம். எனக்கு முடியவில்லை.

அந்தப் பெண்ணை இங்கே செல்வி என்று சொல்கிறேன். அது அவள் பேரும் இல்லை, அண்ணன் வைத்த பேரும் இல்லை. நான் ஆட்டத்தை விட்டுவிட்டுத் துணிமணி பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் மூன்று வருஷம் ஆடினாள். கல்யாணம் என்று வந்து நின்றபோது, "இன்னையோட எங்களத் தெரியாது ஒனக்கு. ரோட்டுல எதிர்ல வந்தாலும் திரும்பிப் பாக்காத" என்று சொல்லி அண்ணன் அனுப்பி வைத்தார். சொன்னபடியே அவரும் இருந்தார். ஒரு தடவை மார்க்கெட்டில் அவள் புருஷனோடு எதிரே வந்தபோது, அவர் தக்காளிக் கூடையைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றதை நானே பார்த்தேன். அவள் போகிறவரை நிமிரவில்லை.

செல்வி இப்போது மலையடிவாரத்து ஊர் ஒன்றில் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள். புருஷனுக்குத் தெரியாது, மாமியாருக்குத் தெரியாது. விடிகாலையில் போடிக்கு வந்து, ஜீப் ஏறி, மேலே ஏலத்தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கப் போவாள். பின்னால் பத்துப் பதினைந்து பெண்கள் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்து போகிற ஜீப். மாமியாரும் அதே ஜீப்பில்தான். என்னிடம் ரவிக்கை தைக்க வருவாள், ஊசி நூல் தவிர வேறு பேச்சு இருக்காது. அவள் கட்டிய வீடு ஒரு பொய்யின் மேல் நிற்கிறது என்று யாராவது எனக்கு நியாயம் பேச வந்தால் செருப்பைத்தான் எடுப்பேன். அந்தப் பொய்யை அவள் ஆசைப்பட்டா சொன்னாள்? பார்த்தவன் எல்லாம் நிமிர்ந்து நடக்கிற ஊரில், ஆடியவள் பிழைக்க வேறு என்ன வழி வைத்திருக்கிறீர்கள்?

அண்ணனைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போன செவ்வாய்க்கிழமை, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, பொழுது சாய்கிற நேரத்தில் விளக்குக்கு எண்ணெய் வாங்கக் கிளம்பினேன். ஜீப் ஸ்டாண்டில் நீங்கள் வைத்த பேனர் நின்றது. நடுவில் ஆள் உயரத்துக்கு அண்ணன். மேலே கண்ணீர் அஞ்சலி. கீழே வழக்கம்போல வரிசை வரிசையாக முகங்கள். முதல் வரிசையில் இப்போது இருக்கிற நீங்கள். இரண்டாவதில் சவுண்டு, லைட்டு, வேன் டிரைவர். மூன்றாவது வரிசையில் பழைய ஆட்டக்காரிகள். நான் இருந்தேன். எனக்குப் பக்கத்தில், மஞ்சள் சேலையில், சிரித்துக்கொண்டு செல்வி.

அந்தப் போட்டோ எனக்குத் தெரியும். ஒரே ஒரு ஆயுத பூஜைக்கு, புது வேனுக்குச் சந்தனம் வைத்த சந்தோஷத்தில், அண்ணன் தன் வழக்கத்தை மீறி எல்லாரையும் நிற்க வைத்து எடுத்தது. மறுநாளே கிழித்துப் போட்டுவிட்டேன் என்று எங்களிடம் சொன்னார். பாவி மனுஷன், கிழிக்கவில்லை. பீரோவில் வேட்டிக்கு அடியில் வைத்திருந்திருக்கிறார். நீங்கள் அதைத் தேடி எடுத்து, முகம் முகமாக வெட்டி, ஊர் நடுவில் தொங்கவிட்டீர்கள். பாசமாம்! விடிந்தால் செல்வி மாமியாரோடு அந்த இடத்தில்தான் வந்து நிற்க வேண்டும்.

எண்ணெய்ப் பாட்டிலோடு இழவு வீட்டுக்கு ஓடினேன். காட்டுக்குப் போய்விட்டு வந்தவர்களும் கேதம் கேட்க வந்தவர்களுமாகப் பந்தலில் ஆண்கள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது குழுவை நடத்துகிற மணிதான் முதலில் எழுந்து வந்தான்.

"மணி, ஜீப் ஸ்டாண்டுல பேனர் வச்சது யாரு?"

"நாங்கதான்க்கா. நல்லாருக்கா? ஒங்களையும் போட்டிருக்கோம், பாத்தீங்களா?"

"வெரசாப் போயி அத எறக்கு."

"என்னக்கா வெளாடுறீங்களா? பதினாறு முடியாம எறக்கக் கூடாதுக்கா. விடிஞ்சு பேனரக் காணோம்னா, எவனோ கிழிச்சுட்டான்னு நம்ம பயலுகளே அருவாளத் தூக்கிருவாங்க."

மணி சொன்னதில் தப்பில்லை. செத்தவர் பேனரைத் தொட்டால் நம் பக்கத்தில் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அவனைத் தனியாகப் பின்கட்டுக்குக் கூட்டிப் போய்க் காதோடு காதாகச் சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை. எனக்கு அந்த இரண்டு நிமிஷம் பொறுக்கவில்லை. தெரு முனையில் நின்றுவிட்டுப் போன கமிட்டிக்காரர், உள்ளே பல்லைக் காட்டிக்கொண்டு டீ குடித்தவர்கள், நல்லாருக்கா என்று கேட்ட மணி, போட்டோவைக் கிழிக்காத அண்ணன், எல்லாரும் சேர்ந்து என் தொண்டைக்கு வந்தார்கள்.

"அடேய் அறிவுகெட்டவனுகளா! மூணாவது வரிசையில மஞ்சச் சேலையில நிக்கிறாளே, அவ கல்யாணம் முடிச்சு ரெண்டு பிள்ளையப் பெத்து மானமாப் பொழைக்கிறாடா! தெனம் விடிஞ்சா மாமியாகாரியோட அதே ஸ்டாண்டுலதான்டா ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுறா! நாளைக்குக் காலையில அவ குடும்பம் இத நிமுந்து பாத்துச்சுன்னா அவள வெட்டிப் போட்டுருவாங்கடா! எறக்குறியா, நான் போயிக் கிழிக்கவா?"

பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மணி முகம் வெளுத்துப்போய், "எனக்குத் தெரியாதுக்கா, சத்தியமாத் தெரியாது" என்றான். உடனே ஏணி தேடி ஓடினான். நானும் கூடவே போனேன். பேனரை இறக்கிச் சுருட்டி என் வீட்டுக்கே கொண்டுவந்து போட்டார்கள். போனில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு அழிக்க வைத்தேன். விடிவதற்குள் நீங்கள் அண்ணன் முகம் மட்டும் போட்டுப் புதுப் பேனர் வைத்தீர்கள். சண்டை வரவில்லை. "அக்கா இல்லேன்னா ஒரு குடும்பமே அழிஞ்சிருக்கும்" என்று ஆளாளுக்குச் சொன்னீர்கள். பெரிய காரியம் சாதித்தவளைப் போல நானும் தலையை ஆட்டிக்கொண்டேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் செல்வி கடைக்கு வந்தாள். அவளுடைய ரவிக்கைதான் மெஷினில் இருந்தது, ஒரு கை மட்டும் வைத்து முடித்திருந்தேன். சோலியில் இருக்க வேண்டிய நேரத்தில் இவள் ஏன் வந்தாள் என்று நினைத்தேன். கடையில் வேறு யாரும் இல்லை. நாங்கள் அண்ணனைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை, ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "ஸ்டாண்டுல பேனரு எதையும் பாத்தியா?" என்று கேட்டேன்.

"அண்ணன் படம் போட்டிருந்துச்சு, பாத்தேன். அழக்கூட முடியலக்கா, அத்தை பக்கத்துல நின்னாக."

பழைய பேனரை அவள் பார்க்கவே இல்லை. எனக்கு உயிர் வந்தது.

"இன்னைக்குச் சோலிக்குப் போகலையா?"

"ரெண்டு நாளாப் போகல." மெஷின் சக்கரத்தை விரலால் லேசாகச் சுற்றிவிட்டாள். "ஜீப்புல முன் சீட்டுல வந்து உக்காரச் சொல்றான்க்கா."

"யாரு?"

"டிரைவருதான். அஞ்சு வருசமா அக்கா, அக்கான்னு கூப்புட்ட ஆளு. முன் சீட்டு கங்காணி உக்காருற எடம், பொம்பளைக யாரும் அங்க உக்கார மாட்டோம். புதன்கெழம காலையில எல்லாரு முன்னாடியும், 'நீ என்ன பின்னால போயி இடிபடுற, முன்னால வா'ன்னான். அத்தை ஒரு மாதிரியாப் பாத்தாக. நான் ஏறல, பின்னாடியே போயி உக்காந்தேன். கண்ணாடியில என்னையவே பாத்துக்கிட்டு, 'என்ன பாட்டுப் போடட்டும், ஒனக்குப் பிடிச்சதாச் சொல்லு'ங்குறான்க்கா."

எந்த டிரைவர் என்று கேட்டேன். அடையாளம் சொன்னாள். நெற்றியில் தழும்பு, கழுத்தில் எப்போதும் பச்சைத் துண்டு. பந்தலில் மூன்றாவது நாற்காலியில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தவன். நான் கத்தியபோது டம்ளரை வாயிலிருந்து எடுத்துவிட்டு, வாயைப் பிளந்து கேட்டவன். மஞ்சள் சேலை, ரெண்டு பிள்ளை, மாமியார், ஏலத்தோட்டம், அந்த ஸ்டாண்டு. எல்லாவற்றையும் நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பேரைத் தவிர நான் மிச்சம் வைத்தது என்ன? நீங்கள் ஏணியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் போய் மூன்றாவது வரிசையைப் பார்த்துவிட்டு வந்திருப்பான்.

"அத்தை கேக்குறாக, அவன் எதுக்கு ஒன்னயக் கூப்புடுறான்னு. என்னத்தச் சொல்ல? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். பத்து வருசமாத் தெரியாதது இவனுக்கு எப்பிடிக்கா தெரிஞ்சுச்சு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இத்தனை நாளும் ஊரைத் திட்டியவள் நான், அந்த ஒரு பொய்யை என்னால் சொல்ல முடியவில்லை. இழவு வீட்டில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். உனக்காகத்தான் கத்தினேன் என்றும் சொன்னேன்.

அவள் மெஷினில் இருந்த ரவிக்கையை நூலோடு இழுத்து எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"அண்ணன் ஒடம்பு வெந்து முடியிறதுக்குள்ள வாயத் தொறந்துட்டீங்களேக்கா."